கோகலின் ‘மூக்கு’: காரணம் சொல்லாத கதை

உருசிய எழுத்தாளர் நிக்கொலாய் கோகல் 1836ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மூக்கு’ என்னும் சிறுகதையைப் படித்து முடிப்போர் முதலில் எழுப்பும் வினா ஒன்றே: அந்த மனிதனின் மூக்கு ஏன் போயிற்று? போன மூக்கு ஏன் திரும்பி வந்தது என்பது அடுத்த வினா. இவ்விரண்டுக்கும் கதையில் விடை இல்லை, குறிப்பாகக்கூட உணர்த்தப்படவில்லை. நம் சங்கக் கூட்டங்களில் எந்தக் கதையைப் பற்றிப் பேசினாலும் இறுதியில் ஒருவர் எழுந்து, “எல்லாம் சரி, இதனால் ஆசிரியர் கூறவரும் கருத்து யாது?” என்று கேட்பது வழக்கம். அக்கேள்வியில் குற்றம் காண்பதற்கில்லை. ஆத்திசூடியோடு எழுத்துக் கற்கத் தொடங்கிய மக்கள் நாம். ஆனால் அக்கேள்வியை வாயிலிலேயே நிறுத்திவிடும் கதைகளும் சில உண்டு. ‘மூக்கு’ அவற்றுள் தலையாயது. காரணத்தைக் கூறாமல் விட்டதை இக்கதையின் குறையாகக் கருதுவோர் பலர். இதன் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. அதனை இயன்றவரை விளக்க முற்படுவோம்.

முதற்கண் கதையைக் காண்போம். மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் காலை. பீட்டர்ஸ்பர்க் நகரின் வொஸ்னெசென்ஸ்கி சாலையில் வாழும் இவான் யாக்கவ்லெவிச் என்னும் நாவிதர், மனைவி சுட்டுத் தந்த ரொட்டியை அறுக்கிறார். உள்ளே ஒரு மூக்கு இருக்கிறது. அது தம்மிடம் வாரம் இருமுறை முகம் மழித்துக்கொள்ளும் கவலியோவ் என்னும் அதிகாரியின் மூக்கு என்பதையும் கண்டுகொள்கிறார். மனைவி ஏச, காவலருக்கு அஞ்சி, அதனைக் கந்தல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைகிறார். நழுவவிட்டால் யாரேனும் அழைத்து, “ஐயா, எதையோ தவறவிட்டீரே!” என்று காட்டிவிடுகிறார்கள். கடைசியில் பாலத்தின் மேலிருந்து ஆற்றில் எறிகிறார். எறிந்த கையோடு காவலர் ஒருவரின் கண்ணில் படுகிறார். அதற்குமேல் நடந்தவற்றை மூடுபனி மறைத்துவிட்டதாகக் கூறி ஆசிரியர் அப்பகுதியை முடித்துவிடுகிறார்.

அதே காலையில் கவலியோவ் விழித்தெழுந்து, முந்தின நாள் மூக்கில் தோன்றிய சிறு பருவைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி கேட்கிறார். பருவைக் காணோம், மூக்கையே காணோம். அங்கே குருதி இல்லை, வடு இல்லை. அப்பம்போல் வழவழப்பான வெற்றிடம் மட்டும் இருக்கிறது. கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு காவல்துறைத் தலைவரைக் காணப் புறப்பட்டவர், வழியில் ஒரு வீட்டு வாயிலில் வந்து நிற்கும் வண்டியைப் பார்க்கிறார். அதிலிருந்து பொற்சரிகைச் சீருடையும் இறகு செருகிய தொப்பியும் உடைவாளுமாக ஓர் உயரதிகாரி இறங்கி வீட்டினுள் செல்கிறார். அந்த அதிகாரி வேறு யாருமல்லர், கவலியோவின் மூக்கே. சற்று நேரத்தில் மீண்டும் வெளியே வந்து வண்டியேறிச் செல்லும் அதனைக் கவலியோவ் தொடர்கிறார். கசான் பேராலயத்தில் மிக்க பக்தியோடு வழிபாடு செய்துகொண்டிருக்கும் அதனை அணுகி, தயங்கித் தயங்கி, ‘தாங்கள் என் மூக்கல்லவா’ என்னும் பொருள்பட உரைக்கிறார். மூக்கு புருவத்தை நெரிக்கிறது. தான் தனிப்பட்ட ஆள் என்றும், சீருடைப் பொத்தான்களைப் பார்த்தால் கவலியோவ் வேறு துறையைச் சேர்ந்தவராகத் தெரிகிறது என்றும், ஆகவே இருவருக்கும் இடையே எவ்வகை உறவும் இருக்க வழியில்லை என்றும் தெரிவித்துவிட்டு வழிபாட்டைத் தொடர்கிறது.

இதில் நகைப்புக்கு அப்பாலும் ஒரு செய்தி உண்டு. உருசியப் பேரரசர் முதலாம் பீட்டர் 1722ஆம் ஆண்டில் அரசுப் பணிகள் அனைத்தையும் 14 படிகளாக வகுத்துப் பட்டியல் ஒன்று வெளியிட்டார். 1917 வரை அந்நாட்டு அலுவலர்களின் வாழ்வு அப்படிக்கட்டிலேயே ஏறி இறங்கியது. கவலியோவ் எட்டாம் படியில் இருப்பவர். படைத்துறையில் மேஜர் பதவிக்கு அது ஈடாதலால், தம்மை எல்லாரும் ‘மேஜர்’ என்றே அழைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய மூக்கு அணிந்திருப்பதோ ஐந்தாம் படி அதிகாரியின் உடை. தம் முகத்தில் இருந்தவரை தமக்கு உரியதாக இருந்த உறுப்பு, பிரிந்துபோன சில நாழிகைக்குள் தம்மைவிட மூன்று படி மேலே ஏறிவிட்டது. மேலதிகாரியைத் தொட்டு இழுத்துக்கொண்டு வர இயலுமா? அதுதான் அவருடைய தயக்கம். மூக்கில்லாத மனிதன் படும் துயரைக் காட்டிலும் கீழ்நிலை அலுவலர் படும் கூச்சமே அப்பேராலயக் காட்சியில் மேலோங்கி நிற்கிறது.

காரணம் என்ற பொருளுக்கு வருவோம். கதையைக் கூர்ந்து படிப்பவர், விளக்கத்துக்குச் செல்லும் கதவுகளை ஆசிரியரே ஒவ்வொன்றாகத் திறந்துகாட்டிப் பின்னர் சாத்திவிடுவதைக் காணலாம். நாவிதரின் கத்தி பட்டிருக்குமோ என்று தோன்றுகிறது. ஆனால் கவலியோவ் மழித்துக்கொண்டது புதன்கிழமை. புதன் முழுதும், வியாழன் முழுதும் மூக்கு முகத்திலேயே இருந்தது. குடிமயக்கமாக இருக்குமோ? மழித்தபின் முகத்தில் தடவவேண்டிய வோட்காவைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டேனோ என்று அவரே ஐயுற்று, தம்மைத் தாமே கிள்ளிப் பார்த்துக்கொள்கிறார். வலிக்கிறது. தம் மகளை மணக்க மறுத்ததால் பொத்தோச்சினா அம்மையார் சூனியக்காரிகளை ஏவியிருப்பாரோ என்று கருதிக் கடிதம் எழுதுகிறார். அம்மையாரிடமிருந்து வரும் விடை, அவர் ஒரு பாவமும் அறியாதவர் என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிடுகிறது. இவ்வாறு அறிவுக்குப் பொருந்தும் காரணமும் அடைபடுகிறது. மாயத்துக்குப் பொருந்தும் காரணமும் அடைபடுகிறது. பேய்க்கதையாகவாவது இதைக் கொள்ளலாம் என்றால், பேயும் இல்லை.

எஞ்சிய ஒரே கதவு கனவு. இதன் வரலாறு நம் கருத்துக்குப் பெருந்துணை செய்வது. கோகல் முதலில் எழுதிய வடிவத்தில் கதை முழுவதும் கவலியோவ் கண்ட கனவாகவே முடிந்தது. உருசிய மொழியில் மூக்கு என்பதற்குரிய சொல் ‘நோஸ்’. அதனைப் பின்னிருந்து படித்தால் ‘சோன்’, அதாவது உறக்கம் அல்லது கனவு. சொல்லிலேயே இத்தகைய வாய்ப்பு இருந்தும், அச்சில் வந்த வடிவத்தில் அக்கனவை ஆசிரியர் நீக்கிவிட்டார். எளிதில் கிடைத்த விளக்கத்தைக் கையால் எடுத்து வெளியே எறிந்தவர் அவர். ஆதலின், விளக்கம் இல்லாதது அவருடைய மறதியாலோ திறமைக் குறைவாலோ நேர்ந்தது என்று எவரும் சொல்ல இயலாது. கனவாக இருந்திருப்பின், விழித்தவுடன் கவலியோவும் தப்பித்திருப்பார், நாமும் தப்பித்திருப்போம். வாரந்தோறும் கனவில் முடியும் கதைகளைப் படித்துச் சலித்த நமக்கு, இந்த ஒரு திருத்தம் கற்பிப்பது மிகுதி.

காரணம் நீக்கப்பட்டதால் கதையில் நிகழ்வது யாது? நம் கவனம் வேறிடத்துக்குத் திரும்புகிறது. ‘ஏன் போயிற்று’ என்பதற்கு விடை வராது என்று தெரிந்துகொண்ட வாசகர், ‘போனபின் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்’ என்று பார்க்கத் தொடங்குகிறார். அங்கேதான் கோகலின் கை வலியது.

கவலியோவ் செய்தித்தாள் அலுவலகத்துக்குச் சென்று, காணாமற்போன தம் மூக்கைக் குறித்து விளம்பரம் செய்யவேண்டும் என்கிறார். அங்கே பண்ணையடிமைப் பெண்ணொருத்தி, பழைய வண்டி, இன்னபிற பொருள்கள் பற்றிய விளம்பரங்களை எழுத்தர் பெற்றுக்கொண்டிருக்கிறார். மனிதரை வண்டியோடு ஒன்றாகப் பட்டியலிடுவது அவருக்கு உறுத்தவில்லை. மூக்கு விளம்பரம்தான் உறுத்துகிறது. அத்தகைய விளம்பரத்தால் பத்திரிகையின் நற்பெயர் கெடும் என்கிறார். சென்ற வாரம் ஓடிப்போன நாயைப் பற்றி ஒருவர் தந்த விளம்பரம், பின்னர் ஓர் அலுவலகப் பொருளாளரைக் குறித்த வசையென்று தெரியவந்ததாம். ஓடிப்போன மூக்கும் யாரையேனும் குறித்த வசையாக இருந்துவிட்டால் என்ன செய்வது? மறுத்த பிறகு, மனம் இளகி, ஆறுதலாக ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொள்ளுமாறு டப்பாவை நீட்டுகிறார். அன்பு மிக்க மனிதர்தாம். ஆனால் எதிரே நிற்பவருக்கு மூக்கில்லை என்பது அவர் நினைவில் தங்கவில்லை.

காவல் ஆய்வாளர், மரியாதைக்குரிய மனிதனின் மூக்கை எவரும் பிய்த்தெடுக்கமாட்டார்கள் என்கிறார். மருத்துவர், மூக்கு கையில் கிடைத்த பின்னும் அதைப் பொருத்த மறுத்து, தண்ணீரில் அடிக்கடி கழுவிவந்தால் மூக்கில்லாமலே நலமாக வாழலாம் என்று அறிவுரை கூறி, மூக்கைச் சாராயம் ஊற்றிய குப்பியில் இட்டு வைத்தால் நல்ல விலை போகும் என்றும், விலை மிகையாகக் கேட்காவிடில் தாமே வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். மூக்கு தவ்ரீதா பூங்காவில் உலாவுகிறது என்று வதந்தி பரவ, ஊரார் கூட்டம் கூட்டமாகப் பார்க்கச் செல்கிறார்கள். அது ஒரு கடையில் இருப்பதாகச் செய்தி வந்தபோது, கடை வாயிலில் பலகை போட்டு, ஏறி நின்று பார்க்க ஆளுக்கு 80 கோப்பெக் வாங்குகிறான் ஒருவன்.

மூக்கைப் பிடித்துவந்து கொடுக்கும் காவலர் கூறும் செய்தியையும் விடுவதற்கில்லை. அது ஓர் அதிகாரியின் பெயரில் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு ரீகாவுக்குச் செல்லும் வண்டியில் ஏறவிருந்ததாம். முதலில் தாமும் அதனைக் கனவானென்றே எண்ணியதாகவும், நல்லவேளையாக மூக்குக்கண்ணாடி கைவசம் இருந்ததால் அது மூக்கென்று தெரிந்துகொண்டதாகவும் சொல்கிறார். தமக்குக் கிட்டப்பார்வையாம், எதிரே நிற்பவருக்கு முகம் இருப்பது தெரியுமே தவிர, மூக்கோ தாடியோ தெரியாதாம். மாமியாருக்கும் அவ்வாறேயாம்! மாமியாரை அங்கே கொண்டுவந்து நிறுத்துவதற்குக் கோகலால்தான் முடியும்.

இவர்களுள் எவரும் கொடியவர் அல்லர். எவரும் வியப்படையவும் இல்லை. ‘இஃது எவ்வாறு நிகழக்கூடும்’ என்று ஒருவரேனும் கேட்டிருந்தால் கதை அந்த இடத்திலேயே குலைந்திருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் அலுவலக மேசையின் அளவுக்கு அச்செய்தியை வெட்டிச் சுருக்கிக்கொள்கிறார்கள். மூக்கு போனதைவிட இதுவே நம்மை நடுங்கவைப்பது. சட்டைப் பையில் அடங்கும் அளவாய்க் காவலர் தாளில் சுற்றிக் கொண்டுவந்த பொருளும், வண்டியில் சாய்ந்து சென்ற ஆளுயர அதிகாரியும் ஒன்றேயாக இருப்பது எங்ஙனம் என்பதைக் கேட்கும் பொறுப்பும் நம்மிடமே விடப்படுகிறது. மூக்கின் தோற்றம் கதையில் முன்னறிவிப்பின்றி மாறுகிறது. மாறியதாக ஆசிரியர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

தமிழில் இக்கதையைப் படிப்போர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை இங்கே குறிப்பிடுவது தகும். நம் மொழியில் மூக்கு ஏற்கெனவே மானத்தின் உறைவிடம். அவமானப்பட்டவன் மூக்கறுபட்டான்; வாதத்தில் தோற்றவன் மூக்குடைபட்டான்; தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனப்பிழையானால் போதும் என்னும் பழமொழியை அறியாதவர் இலர். இராமகாதையில் சூர்ப்பணகை இழந்த மூக்கிலிருந்தே இலங்கையின் அழிவு தொடங்குகிறது. ஆனால் அங்கே அறுத்தவன் யாரென்று தெரியும். அறுத்த வாள் தெரியும். அறுத்ததற்குரிய காரணத்தின் நியாயத்தைப் பட்டிமன்றம் வைத்து இன்றும் வாதிடுகிறோம். திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படையினர் நம் பக்கத்து மக்களின் மூக்கை அரிந்ததையும், அதற்குப் பழிவாங்கப் படை சென்றதையும் வரலாறு ‘மூக்கறுப்புப் போர்’ என்றே பெயரிட்டு வைத்திருக்கிறது. நம் மரபில் மூக்கு தானாகப் போவதில்லை. யாரோ ஒருவர் எடுக்கிறார். ஆகவே கவலியோவின் மூக்கு போயிற்று என்றவுடன், ‘மானம் போனதைத்தான் ஆசிரியர் உருவகமாகக் கூறுகிறார்’ என்று நம் மனம் முந்திக்கொண்டு பொருள் கூறிவிடுகிறது. அவ்வாறு கூறியவுடன் கதையும் முடிந்துவிடுகிறது.

உருசிய மொழியில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஒருவரை ‘மூக்கோடு விட்டுவிடுவது’ என்றால் அவரை ஏமாற்றிக் கைவிடுவது என்று பொருள். மூக்கு இருப்பதே இழிவைக் குறிக்கும் மொழிவழக்கு அது. பொத்தோச்சினா அம்மையார் கவலியோவின் கடிதத்தில் மூக்கு என்ற சொல்லைக் கண்டு, தாம் பெண் தர மறுத்து அவரை மூக்கோடு விட்டுவிட்டதாக அவர் குறைப்பட்டுக்கொள்கிறார் என்று கருதி, அப்படியொன்றுமில்லை, இப்போது கேட்டாலும் பெண் தர ஆயத்தமாக இருப்பதாக விடை எழுதுகிறார். மூக்கில்லாதவரிடம், ‘உம்மை மூக்கோடு விடவில்லை’ என்று உறுதியளிக்கும் அக்கடிதத்தில் சிரிப்பு எங்கே பிறக்கிறது என்பதைக் கருதுக. உருவகமாக எடுத்துக்கொள்ளும் மனிதரை ஆசிரியர் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாக்கி, அவ்வாறு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று காட்டிவிட்டார். கவலியோவ் கூறுவது சொற்படியே உண்மை. கேட்பவர்தாம் அதை மொழிவழக்காக மாற்றிவிடுகிறார். உருவகம் தேடும் திறனாய்வாளர் அனைவரும் அந்த அம்மையாரின் உறவினர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அத்தகைய உறவினர் பலர் தோன்றினர். 1920களில் எர்மாக்கவ் என்னும் உளப்பகுப்பாய்வாளர், மூக்கைப் பாலுணர்வின் குறியீடாகக் கொண்டு நெடிய ஆய்வு நிகழ்த்தினார். அதே காலத்தில் வினக்ராதவ் என்னும் மொழியறிஞர் வேறு வழியில் சென்றார். ஆங்கில எழுத்தாளர் ஸ்டெர்ன் இயற்றிய ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’ நாவலின் செல்வாக்கால் உருசிய இதழ்களில் மூக்கைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகள் மலிந்திருந்தன என்றும், அம்மண்ணிலிருந்தே கோகலின் கதை முளைத்தது என்றும் காட்டினார். 1944இல் கோகலைப் பற்றி நூல் எழுதிய விளதீமிர் நபக்கவ், கோகலின் எழுத்து முழுவதும் மூக்கு மணப்பதையும் தும்முவதையும் குறட்டை விடுவதையும் சுட்டி, அவருடைய நீண்ட மூக்கையும் நினைவூட்டினார். இவற்றுள் வினக்ராதவின் முறையே நமக்கு ஏற்புடையது. விதை எங்கிருந்து வந்தது என்று சொன்ன அவர், கனி யாது என்று தீர்ப்புக் கூறவில்லை. எர்மாக்கவின் திறவுகோல் எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிடுகிறது. அதனாலேயே அதன்மீது நமக்கு ஐயம்.

கதை வெளிவந்த வரலாறும் படிப்பினைக்குரியது. 1835இல் கோகல் இதனை மாஸ்கோ இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். தரம் தாழ்ந்தது, அற்பமானது என்று கருதி அவ்விதழ் ஏற்க மறுத்தது. மறு ஆண்டு கவிஞர் புஷ்கின் தம்முடைய ‘சமகாலத்தவர்’ இதழில், எதிர்பாராத புதுமையும் களிப்பும் இதில் நிறைந்திருப்பதாகக் குறிப்பெழுதி வெளியிட்டார். தணிக்கையாளர் மூக்கு முகத்தைவிட்டுப் போனதற்கு மறுப்புக் கூறவில்லை. அது பேராலயத்தில் வழிபடுவதற்கே மறுப்புக் கூறினர். ஆகவே அச்சில் அச்சந்திப்பு ஒரு கடைத்தொகுதிக்கு மாற்றப்பட்டது. கவலியோவிடம் விளம்பரத்தை வாங்க மறுத்த எழுத்தர் கதைக்கு வெளியிலும் பணியாற்றிக்கொண்டிருந்தார் போலும்!

புலம்பெயர்ந்து வாழும் நமக்குக் கோகலின் வாழ்க்கையில் ஓர் ஈடுபாடு ஏற்படுவது இயல்பு. அவர் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர் அல்லர். உக்ரேனின் பொல்தாவா வட்டாரத்தில் 1809இல் பிறந்து, 19 வயதில் தலைநகருக்கு வேலை தேடி வந்தவர். சில காலம் அரசு அலுவலகங்களில் அடிநிலை எழுத்தராக இருந்து படி எடுத்தவர். அக்காலத்தில் ஊரிலிருந்த தாய்க்கு எழுதிய கடிதங்களில், கிராமத்துக் கோயிற் பணியாளர் உடுத்தும் உடையின் பெயர்கள் யாவை, திருமணச் சடங்குகள் எவை, பெண்கள் தலையில் அணிவது என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். அவ்விடைகளிலிருந்தே அவருக்குப் புகழ் தேடித்தந்த முதற் கதைத்தொகுதி உருவாயிற்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருந்துகொண்டு, பொங்கலுக்கு எந்தக் கிழங்கு வைப்பது என்று ஊரிலுள்ள அன்னையைக் கேட்கும் நம் இல்லத்தரசியர்க்கு இது புதிதன்று.

அத்தகையவர் தலைநகரைப் பார்த்த பார்வையே ‘மூக்கு’. கவலியோவும் வெளியிலிருந்து வந்தவரே. காக்கேசியப் பகுதியில் பணியாற்றி அங்கே பதவி பெற்றவர். கல்விச் சான்றிதழால் அதே பதவியை அடைந்தவரோடு இவரை ஒப்பிடக்கூடாது என்று ஆசிரியர் குறும்பாகச் சொல்லிவைக்கிறார். துணை ஆளுநர் பதவியோ, அது வாய்க்காவிடில் புகழ்பெற்ற துறையொன்றில் நல்ல இடமோ தேடி நகருக்கு வந்திருக்கிறார். இரண்டு இலட்சம் ரூபிள் கொண்டுவரும் பெண் கிடைத்தால் மணம் செய்துகொள்ள எண்ணம். ஊரில் இருந்தவரை நம்மை மூக்கும் முழியும் கொண்டே அறிந்தார்கள். ‘இன்னார் மகன், தாத்தாவின் சாடை’ என்பது முகவரியாக இருந்தது. தலைநகரில் நம் பெயர்ப்பலகையும் துறையும் குடியிருப்பின் வகையும் நமக்கு முன்னே நடக்கின்றன. கவலியோவின் மூக்கும் அவ்வாறே முன்னே நடந்து, வண்டியேறி, திரும்பிப் பார்த்து, ‘உம்மை எனக்குத் தெரியாது’ என்றது. இவ்வாறு சொல்வதால் நாமும் பொத்தோச்சினா அம்மையாரின் உறவினராகிவிட்டோமா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. மூக்கு பதவியைக் குறிக்கிறது என்று நாம் சொல்லவில்லை. மூக்கு மூக்கேதான். முகத்தையும் பதவியையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் நகரில் அது காணாமற்போயிற்று என்பதே நாம் சொல்வது.

மூக்கின் தோற்ற மாற்றத்தை வைத்துக் காரணம் கூறி எழுதினால் எப்படியிருக்கும் என்று காண விரும்புவோர்க்கு, கோகலுக்கு 80 ஆண்டுகள் பின்னர் யப்பானில் எழுந்த ஒரு கதை உண்டு. 1916இல் அகுதகவா ரியூனொசுகே தம் 23ஆம் வயதில் எழுதிய அக்கதையின் பெயரும் ‘மூக்கு’தான். மூத்த நாவலாசிரியர் நத்சுமே சொசேகி அதனைப் பாராட்டி மடல் எழுதியதால் அவ்விளைஞரின் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய யப்பானியக் கதைத் தொகுதிகளிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் அது. சென்ச்சி நாய்கு என்னும் பௌத்தத் துறவியின் மூக்கு மேலுதட்டிலிருந்து முகவாய்க்குக் கீழே தொங்குவது. உணவு கொள்ளும்போது எதிரே அமரும் சீடன் ஒருவன் பலகையால் அதனைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். ஒருநாள் பிடித்திருந்த சிறுவன் தும்ம, மூக்கு கஞ்சியில் விழுந்த செய்தி தலைநகர்வரை பரவியது. பிறவி கடந்தவராக மதிக்கப்படும் அத்துறவி, தம்மைப்போன்ற மூக்குடையார் மறைநூல்களில் எவரேனும் இருக்கிறார்களா என்று தேடித்தேடி ஏமாறுகிறார். இவ்விடம் நம் நெஞ்சைத் தொடுகிறது. பின்னர் வெந்நீரிலிட்டு, காலால் மிதித்து, கொழுப்பைப் பிடுங்கி மூக்கைக் குறுக்கிவிடுகிறார்கள். குறுகிய மூக்கைக் கண்டு ஊரார் முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள். ஓரிரவு மூக்கு தானே வீங்கிப் பழைய நீளத்தை அடைகிறது. துறவிக்கு நிம்மதி.

சிறந்த கதை, செப்பமான கதை. எனினும், பிறர் துன்பத்தில் இரங்கும் மனிதர் அத்துன்பம் தீர்ந்தவுடன் எதையோ இழந்ததுபோல் உணர்கிறார்கள் என்று அகுதகவா கதையின் நடுவே நின்று எடுத்துரைத்துவிடுகிறார். உளவியல் விளங்கிவிடுகிறது, நாமும் தலையசைத்து நூலை மூடுகிறோம். நம் சங்கக் கூட்டத்தில் ‘கருத்து யாது’ என்று கேட்கும் அன்பர்க்கு இக்கதை மனநிறைவு தரும். கோகலின் கதையோ மூடிய பின்னும் நம்மை விடுவதில்லை. இரண்டையும் ஒரே மாலையில் படித்தோர், யப்பானியக் கதையைப் பிறருக்கு எடுத்துச் சொல்வது எளிதென்றும், உருசியக் கதையை எடுத்துச் சொல்ல முயன்றால் வேறு ஏதோவாகிவிடுகிறதென்றும் உணர்வர்.

இவ்வியல்பை விமரிசகர்களைவிட இசைவாணர் ஒருவர் நன்கு அறிந்தார். திமீத்ரி ஷோஸ்தகோவிச் தம் இருபதுகளின் தொடக்கத்தில் இக்கதையை இசைநாடகமாக்கினார். 1930ஆம் ஆண்டு சனவரியில் லெனின்கிராதில் அது அரங்கேறியது. பயனுள்ள கருத்து எங்கே என்று கேட்ட அக்காலச் சூழலில் விரைவிலேயே மேடையைவிட்டு நீங்கியது. 1974இல்தான் மாஸ்கோவில் மீண்டும் உயிர்பெற்றது. 1842இல் தம் தொகுப்பு நூலுக்காகக் கோகல் கதையின் முடிவைச் செப்பனிட்டபோது, இப்படிப்பட்ட பொருளை எடுத்துக்கொண்டு எழுத்தாளர்கள் எழுதுவானேன், இதனால் நாட்டுக்கு ஒரு பயனும் இல்லையே என்று கதைசொல்லியின் வாயாலேயே புலம்பவைத்திருந்தார். ஷோஸ்தகோவிச்சை எதிர்த்தவர்கள் அதே புலம்பலைச் சிரிப்பின்றி மீண்டும் பாடினர்.

ஏப்பிரல் 7ஆம் நாள் கவலியோவின் மூக்கு, போனபடியே காரணமின்றி, இரு கன்னங்களுக்கிடையே வந்து அமர்ந்துவிடுகிறது. நாவிதர் வருகிறார், கை தூய்மைதானா என்று கேட்டு மழித்துக்கொள்கிறார் கவலியோவ். தெருவில் இறங்கி நடக்கிறார். சட்டைப் பொத்தானினும் சிறிய மூக்குடைய படைவீரர் ஒருவரை ஏளனமாகப் பார்க்கிறார். பொத்தோச்சினா அம்மையாரையும் மகளையும் எதிரே கண்டு, வேண்டுமென்றே பொடி டப்பாவைத் திறந்து இரு துளைகளிலும் நெடுநேரம் பொடி ஏற்றிக்கொள்கிறார். 13 நாள் பட்ட பாடு அவரிடத்தில் ஒரு சுவடும் விடவில்லை. கடைத்தொகுதியில் அவர் நின்று, அரசு விருதுக்குரிய நாடா ஒன்றை விலைக்கு வாங்கியதையும் கண்டவர்கள் உண்டாம். அவர் எந்த விருதும் பெற்றவர் அல்லர். அந்த நாடா எதற்கு என்பதற்கும் ஆசிரியர் காரணம் கூறவில்லை.